அப்பா கஞ்சனா? – ஒரு 1952 செவர்லே பிக்கப்பின் கதை

இன்னிக்கு கொஞ்சம் நீளமான வரலாற்றுப் பதிவு. ராஜராஜ சோழன் எல்லாம் இல்லை, ஒரு துருப்பிடிச்ச லாரியோட வரலாறு. லாரின்னா நம்ம ஊரு அசோக் லேலண்டை நினைச்சுக்காதீங்க. முன்னாடி மூணு பேர் உட்கார கேபின், பின்னாடி திறந்த தொட்டி, அமெரிக்கக் கிராமத்துக்காரங்க உயிரா நினைக்கிற பிக்கப் டிரக்.

நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைப்பு சாப்ட்வேர். நாலு வருஷம் ஐ.சி. என்ஜின் படிச்சும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக்கூட கழட்டினது இல்லை. ஆன்சைட்ல மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் பக்கம் வந்து சேர்ந்தப்போ, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கராஜ் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு ஒரு பழைய வண்டியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தார். வயசு எண்பத்து மூணு. ஒருநாள் ஜாக்கியைப் பிடிச்சுக் கொடுக்கப் போனேன். அன்னிலேருந்து ஒன்றரை வருஷம் என் சனி ஞாயிறு எல்லாம் அங்கேதான். வீட்டை வித்துட்டு மகளோட போய் இருக்கப் போறார், அதுக்குள்ள வண்டி ஓடணும். இதான் எங்க டெட்லைன்.

வண்டிக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

பிக்கப்பை முதல்ல கண்டுபிடிச்சது கம்பெனி இல்லைங்க, விவசாயி. ஃபோர்டு மாடல் டி காரை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி எறிஞ்சுட்டு, மரப்பெட்டி செஞ்சு மாட்டிக்கிட்டான். பால் கேன், கோழிக்கூண்டு, வைக்கோல் எல்லாம் அதுலதான் சந்தைக்குப் போச்சு. இதைப் பார்த்த ஃபோர்டு 1925 ஏப்ரல்ல ஸ்டீல் தொட்டியோட தானே ஒரு வண்டி விட்டாங்க. விலை 281 டாலர். முதல் வருஷம் சுமார் 34,000 வண்டி ஓடிப்போச்சு. தொழிற்சாலையிலேயே தொட்டியோட முழுசா செஞ்சு வந்த ஃபோர்டின் முதல் பிக்கப் அதுதான்.

அப்புறம் ரெண்டாம் உலகப்போர். 1942 தொடக்கத்துல அரசாங்கம் பொதுமக்களுக்கான கார் தயாரிப்பை நிறுத்திடுச்சு, டிரக்கும் ராணுவத்துக்குத்தான் முதல்ல. நாலு வருஷம் பழைய வண்டியை ஒட்டுப் போட்டு ஓட்டின விவசாயிகள், போர் முடிஞ்சதும் புது வண்டிக்கு வரிசையில நின்னாங்க. அந்தப் பசிக்கு செவர்லே 1947 ஜூன் 28 அன்னிக்குக் கொண்டு வந்ததுதான் 'அட்வான்ஸ் டிசைன்' வரிசை. உருண்டையான மட்கார்டு, அகலமான கேபின், முன்னாடி படுக்கைவாட்டில ஐந்து பட்டை வச்ச கிரில். 1955 வரைக்கும் கிட்டத்தட்ட இதே உருவம்தான். எங்க பெரியவர் வண்டி இந்த ரகம், 3100ங்கிற அரை டன் மாடல்.

எப்போ செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? டிரைவர் பக்கக் கதவு கீல் இருக்கிற தூண்ல ஒரு சின்னத் தகடு. அதுல 3ன்னு ஆரம்பிச்சு, மூணு ஆங்கில எழுத்து, அப்புறம் வரிசை எண். 3ன்னா செயின்ட் லூயிஸ் ஆலை. அடுத்த ரெண்டு எழுத்து 1952ம் வருஷ அரை டன் வண்டியைச் சொல்லும். கடைசி எழுத்து மாசம், எங்களுதுல பிப்ரவரி. எனக்குப் பயங்கர குஷி, நம்ம லாக் ஃபைல் மாதிரியே இருக்கேன்னு. அந்த ஆலை எங்க வீட்டுலேருந்து இருபது நிமிஷ தூரத்துல இருந்தது. 1953 கடைசியிலேருந்து 1981 வரைக்கும் கார்வெட் காரும் அங்கேதான் செஞ்சாங்க. 1987ல ஆலையை மூடிட்டாங்க. ஆலை போச்சு, அது பெத்த வண்டி இங்கே கராஜ்ல நிக்குது.

வேலை ஆரம்பிச்சோம். 216 கன அங்குல என்ஜின், அதாவது மூன்றரை லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர். முப்பது வருஷமா ஓடாததால இறுகிப் போயிருந்தது. ஆறு பிளக்கையும் கழட்டி, ஓட்டை வழியா எண்ணெய் ஊத்தி, ஒரு வாரம் ஊற வச்சு, கையால கொஞ்சம் கொஞ்சமா அசைச்சோம். அவசரப்பட்டா பிஸ்டன் வளையம் உடைஞ்சிடும். மூணாவது வாரம் 'டக்'ன்னு அரை அங்குலம் நகர்ந்தது பாருங்க, செமஸ்டர்ல அரியர் கிளியர் ஆனப்பகூட நான் அப்படிக் கத்தினது இல்லை :-)

இந்த என்ஜின்ல ஒரு விசேஷம். இப்போ இருக்கிற என்ஜின்ல பம்ப் எல்லா பேரிங்குக்கும் அழுத்தத்தோட எண்ணெய் அனுப்பும். இதுல கனெக்டிங் ராடு அடியில ஒரு சின்னக் கரண்டி இருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் அது எண்ணெய்த் தொட்டியில முங்கி மொண்டுக்கும். அதனால இந்த வண்டியை நெடுஞ்சாலையில விரட்டக்கூடாது, கிராமத்து ரோட்டுல நிதானமா உருட்டணும். மின்சாரம் 6 வோல்ட். வைப்பர் என்ஜின் உறிஞ்சுற காத்துல ஓடும், மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினா வைப்பர் நின்னே போயிடும். பின்னாடி சிவப்பு விளக்குகூட ஒண்ணுதான், வலப்பக்க விளக்குக்குத் தனியா காசு கட்டணும்.

சின்னச் சின்ன இரும்புச் சாமான் துருவை எடுக்க மின்பகுப்பு. பிளாஸ்டிக் தொட்டியில சலவைச் சோடா கரைசல், பேட்டரி சார்ஜரோட நெகடிவ் துருப்பிடிச்ச சாமானுக்கு, பாசிடிவ் ஒரு இரும்புத் துண்டுக்கு. ஹைட்ரஜன் வாயு வரும், அதனால வெளியே வச்சுத்தான் செய்யணும். பாசிடிவ்ல எவர்சில்வர் போடவே கூடாது, விஷமான குரோமியம் கரைசல்ல இறங்கிடும். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும், அதனால முகமூடி போட்டு, தண்ணி ஊத்தித்தான் தேய்ச்சோம். மேலே நீலம், அதுக்குக் கீழே சிவப்பு, அதுக்கும் கீழே அடர்பச்சை. அந்தப் பச்சைதான் ஆலையில அடிச்சது. தொட்டியின் தரை மரப்பலகை, நடுநடுவே இரும்புப் பட்டை. இப்போ வண்டி புதுப்பிக்கிறவங்க ஓக் மரம் போட்டு டைனிங் டேபிள் மாதிரி வார்னிஷ் அடிக்கிறாங்க. அந்தக் காலத்துல அது பெயின்ட் அடிச்ச சாதாரணப் பலகை, ஒண்ணு உடைஞ்சா விவசாயி தானே கழட்டி மாத்திப்பான். நாங்களும் பெயின்ட்தான் அடிச்சோம்.

இப்போ தலைப்புக்கு வர்றேன்.

ஒரு நாள் கேபின் தரையைச் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்தேன். இந்த வண்டியில சாவியைத் திருப்பினா ஸ்டார்ட் ஆகாது. தரையில ஆக்சிலரேட்டருக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்டார்ட்டர் பெடல் இருக்கும். வலது கால் விரலால அதை அமுக்கிக்கிட்டே, குதிகாலால ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் தட்டணும். எங்க வண்டியில அந்தப் பெடல் மேல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இரும்புத் தகடு கோணல்மாணலா வெல்டிங் பண்ணியிருந்தது. படத்துல பார்த்தேன், ஒரிஜினல் வண்டியில அப்படி எதுவும் இல்லை. யாரோ கண்டபடி ஒட்டின பேட்ச்சுன்னு முடிவு பண்ணி, கிரைண்டரை எடுத்து ஆன் பண்ணிட்டேன்.

"அதைத் தொடாதே!"

ஒன்றரை வருஷத்துல பெரியவர் சத்தமாப் பேசினது அன்னிக்கு மட்டும்தான்.

அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். வண்டியை அவங்க அப்பா வாங்கினது 1952 வசந்தகாலத்துல. அந்தக் கோடையில அண்ணனுக்கு ராணுவ அழைப்பு வந்து கொரியா போனார். அடுத்த குளிர்காலம் அங்கே பனியில வலது கால் விரல் அத்தனையும் போச்சு. திரும்பி வந்தப்போ அவரால அந்தச் சின்ன பெடலை அமுக்க முடியலை, கால் வழுக்கும். கிளட்ச், பிரேக் எல்லாம் சமாளிச்சுட்டார், ஸ்டார்ட் பண்ண மட்டும் யாரையாவது கூப்பிடணும். அப்பா ஒண்ணும் பேசலையாம். ஒரு ஞாயித்துக்கிழமை கொட்டகைக்குள்ள போய், தனக்குச் சரியா வராத வெல்டிங்கைப் பண்ணி, தகட்டை ஒட்டி வச்சுட்டு, சாவியை அண்ணன் கையில கொடுத்திருக்கார்.

நான் கிரைண்டரைக் கீழே வச்சுட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார், "பாசம் எல்லாம் இருந்தது. ஆனா மகா கஞ்சன். எதிர்வீட்டுக்காரன் 1950 மாடலுக்கு குரோம் கிரில் போட்டிருந்தான், சூரியன் மாதிரி மின்னும். எங்க அப்பா நாலு காசு மிச்சம் பிடிக்க, பெயின்ட் அடிச்ச கிரிலையே வாங்கிட்டு வந்தார். பத்து வயசுல பள்ளிக்கூடத்துல எவ்வளவு கேலி தெரியுமா." அந்தக் குறையைத் தீர்க்கத்தான் காட்டலாக்ல பார்த்து பளபளன்னு ஒரு குரோம் கிரில் வாங்கி, அட்டைப்பெட்டியோட மூலையில வச்சிருந்தார்.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. 1950ல குரோம் உண்டு, 1952ல இல்லை, நடுவுல என்ன ஆச்சு? பிழை தேடுற பொழைப்பாச்சே, விடுமா. தேடினதுல கிடைச்சது இதுதான்.

கொரியப் போர் தொடங்கினது 1950 ஜூன் 25. அந்த வருஷமே அமெரிக்கா பாதுகாப்பு உற்பத்திச் சட்டம் போட்டு, தேசிய உற்பத்தி ஆணையம்னு ஒண்ணு அமைச்சு, எந்த உலோகம் யாருக்குன்னு பங்கு பிரிக்க ஆரம்பிச்சாங்க. அதுல முக்கியமான ஒண்ணு நிக்கல். குரோம் முலாம்னு நாம சொல்றதுல குரோமியம் மேலே மெல்லிசா ஒரு படலம்தான். துருவைத் தடுத்து, பளபளப்பையும் தாங்கி நிக்கிறது அதுக்கு அடியில இருக்கிற நிக்கல். ஜெட் என்ஜின்ல கொதிக்கிற சூட்டைத் தாங்குற உலோகக் கலவைக்கும் அதே நிக்கல்தான் வேணும். அமெரிக்காவுல நிக்கல் சொற்பம், பெரும்பகுதி கனடாவுலேருந்து வரணும். அதனால கார், டிரக் அலங்காரத்துக்கு நிக்கல் கட். முன்னாடி கூடுதல் காசு கொடுத்தா கிடைச்ச குரோம் கிரில் செவர்லே பிக்கப்புல இல்லாமலே போச்சு. 1952ல யார் வாங்கினாலும் பெயின்ட் அடிச்ச கிரில்தான். பணம் இருந்தாலும் கிடைக்காது.

அடுத்த சனிக்கிழமை இதைச் சொன்னேன். பெரியவர் திருப்பித் திருப்பிக் கேட்டார், "கடையிலேயே கிடையாதா? கேட்டிருந்தாலும் கிடைச்சிருக்காதா?" இல்லைன்னேன். "அப்போ எங்க அண்ணன் போன அதே போருக்குத்தான் அதுவும் போச்சு" அப்படின்னார். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைச்சுக்கிட்டே இருந்தார். எழுபது வருஷத்துக்கும் மேல கஞ்சன்னு நினைச்சுக்கிட்டு இருந்த அப்பா. இப்போ போய் மன்னிப்பும் கேட்க முடியாது.

திடீர்னு, "உங்க நாட்டுக்காரங்க கொரியாவுக்குப் போனாங்களா?"ன்னு கேட்டார். போனாங்கன்னு சொன்னேன். சண்டை போட இல்லை, வைத்தியம் பார்க்க. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில 60வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் 1950 நவம்பர்லயே போய் இறங்கிடுச்சு, மூணு வருஷத்துக்கும் மேல அங்கே இருந்தாங்க. "அப்போ என் அண்ணன் மாதிரி எத்தனையோ பேர் காலுக்குக் கட்டுப் போட்டிருப்பாங்க"ன்னார். திங்கட்கிழமை குரோம் கிரில் கடைக்கே திரும்பிப் போச்சு.

பழைய ஐந்து பட்டையையும் நெளிவெடுத்து, துரு நீக்கி, பெயின்ட் அடிச்சு மாட்டினோம். வண்டி முழுக்க அடர்பச்சை. பெடல் தகட்டுல துருவை மட்டும் எடுத்தோம், கோணல் அப்படியே இருக்கு. புதுப்பிக்கிறதுன்னா ஆலையிலேருந்து வந்த அன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படி ஆக்குறதுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். ஆனா ஆலை செஞ்சது வண்டியோட முதல் நாள் மட்டும்தானே? அதுக்கப்புறம் எழுபது வருஷம் அது யார் வீட்டுல வாழ்ந்ததுன்னு அந்தக் கோணல் வெல்டிங்தான் சொல்லுது. கோடுல ஏன் இருக்குன்னு தெரியாத வரியை அழிக்காதேன்னு ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்கிற எனக்கு, இது இரும்புக்கும் பொருந்தும்னு தோணவே இல்லை பாருங்க.

போன அக்டோபர்ல வண்டி ஓடுச்சு. பெரியவர் சாவியைத் திருப்பிட்டு, ஷூவைக் கழட்டிட்டு, வெறுங்காலை அந்தத் தகட்டு மேல வச்சு அமுக்கினார். ரெண்டு தடவை இருமிட்டு மூணாவதுல பிடிச்சுக்கிச்சு. தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வந்தோம். அவர் எதுவும் பேசலை, நானும் கேட்கலை. நவம்பர்ல வண்டியோட மகள் ஊருக்குக் கிளம்பிட்டார். கராஜ் இப்போ காலி.

உங்க வீட்டுலயும் ஒரு பழைய ஸ்கூட்டரோ, டிவிஎஸ் 50யோ, தையல் மெஷினோ மூலையில கிடக்கும். பழைய இரும்புக்குப் போடுறதுக்கு முன்னாடி அதுல ஒட்டுப் போட்ட இடம் எங்கேன்னு ஒரு தடவை பாருங்க மக்களே. யாருக்காகப் போட்டதுன்னு கேட்டுச் சொல்ல வீட்டுல ஆள் இருக்கும்போதே கேட்டுடுங்க.