எழுத்து ரெண்டா தெரியுதா... அது லக்கி நாணயமா?

அமெரிக்காவின் 1955-ம் ஆண்டு ஒரு சென்ட் நாணயங்கள் சிலவற்றில், வருடமும் எழுத்துகளும் இரண்டிரண்டாகத் தெரியும். இன்று அதன் விலை ஆயிரம் டாலருக்கும் மேல்! அதனால், ரெண்டா தெரியுற நாணயத்தை யாராவது விற்க வந்தா, பணம் கொடுக்குறதுக்கு முன்னாடி லென்ஸ் வெச்சுப் பாருங்க.

அசல்: நாணயம் அடிக்கும் அச்சைத் தயாரிக்கும்போதே, உருவம் சற்று விலகி இரண்டு முறை பதிந்திருக்கும். இரண்டு பதிவுமே மேடாக இருக்கும். எழுத்து தடிமனாகி, முனைகள் பிளந்திருக்கும். அந்த அச்சில் அடித்த எல்லா நாணயங்களிலும் இதே இரட்டிப்புதான்.

மெஷின் கோளாறு: அடிக்கும் நொடியில் அச்சு லேசாக ஆடி, எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். அந்த இடம் படிக்கட்டு போலத் தட்டையாக, பளபளப்பாக இருக்கும். எழுத்து மெலிந்துவிடும். இதற்குத் தனி மதிப்பு பெரும்பாலும் கிடையாது.

எழுத்து தடிச்சிருந்தா மேற்கொண்டு விசாரிங்க. மெலிஞ்சிருந்தா அது வெறும் ஒரு சென்ட்தான்!