ஆமைக்குப் பாடம் சொன்ன குழந்தைகள்

யந்திரம் குழந்தைக்குப் பாடம் சொல்வதா, குழந்தை யந்திரத்துக்குப் பாடம் சொல்வதா? பேச்சு வராத குழந்தையின் கையிலும் இன்று ஒரு செல்போன் இருப்பதால், இதைப் பண்டிதர்களின் விவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. எனக்கு இரண்டாவது வழியில்தான் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் தந்தது ஓர் ஆமையின் சரித்திரம்.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து மூளை ஆராய்ச்சியாளர் கிரே வால்டர் 1948, 1949 ஆண்டுகளில் யந்திர ஆமைகளைச் செய்தார். அவை வெளிச்சத்தைக் கண்டால் அதை நாடி ஊரும். முட்டிக்கொண்டால் விலகிப் போகும். ஆனால் யார் சொல்லையும் கேட்கமாட்டா. சொல் கேட்கும் ஆமை பிறக்க ஏறக்குறைய இருபது வருஷம் ஆயிற்று.

தென்னாப்பிரிக்காவில் 1928-இல் பிறந்த ஸீமோர் பேப்பர்ட் கணித நிபுணர். குழந்தை மனத்தை ஆராய்ந்த பியாஜேயிடம் ஜெனீவாவில் சில வருஷங்கள் இருந்தார். குழந்தை தானே செய்து பார்த்துத்தான் அறிவைக் கட்டிக்கொள்கிறது என்ற எண்ணத்துடன் அமெரிக்காவுக்குப் போனார். 1967-இல் வாலி ஃபியூர்ஸைக், ஸிந்தியா ஸாலமன் ஆகியோரோடு சேர்ந்து 'லோகோ' என்ற கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கினார். சில வருஷங்களுக்குள் அந்த மொழிக்குக் கட்டுப்பட்டு ஓர் ஆமை தரையில் ஊர்ந்தது. அதன் வயிற்றடியில் ஒரு பேனா. 'முன்னே 100, வலது 90' என்று நான்கு தரம் கட்டளையிட்டால் தரையில் ஒரு சதுரம் விழும். கோணலாகிப் போனால், குழந்தை தானே ஆமையாகி நடந்து பார்த்துப் பிழையைக் கண்டுகொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கித் தரும் தப்பு, இங்கே விளையாட்டில் ஒரு புதிராகிவிட்டது.

ஆனால் எழுத்தே தெரியாத நாலு வயதுக் குழந்தை கட்டளையை எப்படித் தட்டெழுதும்? 1970-களின் நடுவில், மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ராடியா பெர்ல்மன் என்ற இளம்பெண் இதற்கு வழி கண்டாள். முதலில், ஒவ்வொன்றும் ஒரு கட்டளையாக அமைந்த பொத்தான்கள் கொண்ட பெட்டிகள். பிறகு, பிளாஸ்டிக் அட்டைகளை வரிசையாகச் செருகும் ஒரு யந்திரம். பொத்தானை அழுத்தினால் அட்டைகளின் வரிசைப்படி ஆமை நடக்கும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் இது சாத்தியமாயிற்று.

பெர்ல்மன் அந்த வேலையைத் தொடரவில்லை. ஆண்கள் நிறைந்த அந்த இடத்தில், சின்னக் குழந்தைகளோடு விளையாடும் பெண்ணை யாரும் விஞ்ஞானி என்று மதிக்கமாட்டார்களோ என்ற கூச்சம்தான் காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார். 1985-இல் கம்ப்யூட்டர் வலைப்பின்னல்களுக்கு இன்றியமையாத ஒரு முறையை வகுத்துப் பெரும் புகழ் பெற்றார்.

அவருடைய கூச்சத்தை நான் குறை சொல்லமாட்டேன். குழந்தை வளர்ப்பைப் பெண்ணுக்கு விதித்துவிட்டு, அதை அற்பக் காரியம் என்றும் எண்ணுகிற உலகம் அது. நஷ்டம் குழந்தைகளுக்கு. எழுத்தில்லாமல் படக்கட்டைகளைக் கோத்தே கட்டளையிடும் 'ஸ்கிராட்ச் ஜூனியர்' ஐந்து முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்காக வெளிவந்தது 2014-இல்தான். இடையில் ஏறக்குறைய நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

குழந்தை கையில் ஒரு கருவியைக் கொடுக்குமுன் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதில் கட்டளையிடுவது யார்?