கரி தின்ற பஸ்கள்

மோட்டார் வண்டியின் உணவு பெட்ரோல் என்கிறோம். எடை போட்டுப் பார்த்தால் அது உண்பது பெரும்பாலும் காற்றே. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிராம் காற்று வேண்டும். ஆகவே காற்று புகும் வழியில் கைவைத்தால் எஞ்சினின் வலுவும் மாறும். போர்க்காலத்தில் நம் சாலைகளில் இது கண்கூடாயிற்று.

புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானம். 1929-இல்தான் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. அதற்கு முன்பே மோட்டார் வந்துவிட்டது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் பஸ் தொழிலைத் தொடங்கினார். தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலை அவருடைய தொடக்கத் தடங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது.

இரண்டாம் உலகப்போரின்போது, 1941-இல் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகவே, அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பஸ்கள் முடங்காதிருக்க டி.வி.எஸ். நிறுவனத்தார் கரிவாயுக் கலம் ஒன்றை வடிவமைத்துத் தயாரித்தார்கள். 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்பது அதன் பெயர். எஞ்சின் பழைய எஞ்சின்தான். அது மூச்சு இழுக்கும் வழியில் ஓர் அடுப்பைக் கொண்டுபோய் வைத்தார்கள்!

அடுப்பு என்றால் உயரமான இரும்புக் கலம். அதில் மரக்கரியை நிரப்பி, அடியில் தீ மூட்டி, காற்றை அளவாகவே விடுவார்கள். கரி எரிந்து உண்டாகும் கரியமில வாயு, மேலே கனன்றுகொண்டிருக்கும் தணலினூடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. எஞ்சினுக்கு உணவு இதுதான். மனிதனுக்கோ இது நஞ்சு. நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகைக்குள் கலத்தை எரியவிட்டு அருகில் உறங்குவது உயிருக்கே ஆபத்து.

இந்த வாயுவில் பாதிக்கு மேல் நைட்ரஜன். எரியாத அது உருளைக்குள் வெறுமனே இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் பெட்ரோலில் கிடைத்த வலுவில் மூன்றிலொரு பங்கு முதல் பாதிவரை குறைந்துபோகும். மேட்டில் வண்டி திணறியதிலும், பயணிகள் இறங்கித் தள்ளியதாகப் பெரியவர்கள் சொன்னதிலும் வியப்பில்லை.

வேறு இரண்டு தொல்லைகளும் இருந்தன. ஒன்று சூடு. சூடான வாயு விரிந்துவிடுவதால், ஒரே கன அளவில் குறைந்த எடையே அடங்கும். காற்றை 30 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் எடையில் 9 சதவீதம் போய்விடும். ஆகவே வாயுவைக் குழாய்களில் ஓடவிட்டு ஆறவைத்தார்கள். மற்றொன்று சாம்பல். அது உருளையின் சுவரைத் தேய்த்துவிடும். வடிகட்டி நெருக்கமானால் எஞ்சின் மூச்சுத் திணறும். தளர்வானால் தூசி புகும்.

போர் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தபின் கலங்கள் கழற்றப்பட்டன. சூடும் தூசியும் மட்டும் போகவில்லை. இன்று காருக்கென்று தனியே வாங்கிப் பொருத்தும் காற்றுக் குழாய்களையும் இவற்றைக் கொண்டே எடைபோட வேண்டும். சாதாரண ஓட்டத்தில் காற்றைத் தடுப்பது வடிகட்டியன்று. ஆக்ஸிலேட்டரால் இயங்கும் திராட்டில் வால்வே. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் வெளியிட்ட சோதனையில், கணினி கட்டுப்படுத்தும் பெட்ரோல் கார்களில் வடிகட்டி அடைத்துக்கொண்டபோதும் எரிபொருள் செலவு கூடவில்லை. வேகம் எடுப்பதே மந்தமாயிற்று. எனவே புதுக் குழாயால் லாபம் உண்டென்றால், அது பெரும்பாலும் முழு வேகத்தில் மிதிக்கும்போதுதான். அதுவும் சிறிதே. குழாயின் வாய் பானெட்டுக்குள் எஞ்சினருகே திறந்திருந்தால் உள்ளே போவது வெந்த காற்று. அந்தச் சிறு லாபமும் நட்டமாகும். புதுக்கோட்டைச் செம்மண் சாலைகளில் ஓடும் வண்டிக்குத் தளர்ந்த வடிகட்டி வாங்கினால், உருளையைத் தேய்க்கும் வேலையைச் சாம்பலுக்குப் பதில் செம்மண் செய்யும்.