பாட்டும் பரிந்துரைக்கும் முகமும்
(இலங்கை வானொலி வர்த்தக சேவை முதல் இணைய இசைச் சேவைகள் வரை)

இசையை விற்பதற்குப் புகழ்பெற்றோரின் பெயரைத் துணைக்கழைக்கும் வழக்கம் இணைய இசைச் சேவைகளோடு தோன்றியதன்று. 1902 இல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பனிக்குப் பாடிய கௌஹர் ஜானின் உருவம் தீப்பெட்டிகளிற்கூட அச்சிடப்பட்டது. 1920களில் கொழும்பு மேடையில் இணைந்து நடித்த எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் இசைத்தட்டுகளுக்கு நாடகப் புகழே விளம்பரமாயிற்று. எனினும் இவர்கள் விற்றது தமது குரலையே. பாடாத ஒருவர் பாட்டுக்குப் பரிந்துரை வழங்கும் நிலை பின்னர் வந்தது.

இடைப்பட்ட காலத்தின் வரலாறு பெரும்பாலும் கொழும்புக்குரியது. இரண்டாம் உலகப் போரின்போது நேசப்படைகளுக்கென நிறுவப்பட்ட சிற்றலை நிலையம் போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 இல் தொடங்கிய வர்த்தக சேவைக்கு அதுவே பௌதிக அடிப்படை. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கரின் கொள்கையால் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்கள் அருகின. நேயர்கள் கொழும்பை நாடினர். நேயரை நாடி விளம்பரதாரரும் வந்தனர். அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்ய, கொழும்பு ஒலிபரப்பிய ‘பினாக்கா கீத்மாலா’ நிகழ்ச்சி ஒரு பற்பசையின் பெயரையே தாங்கிநின்றது.

தமிழிலும் நிலைமை இதுவே. ஆயின், எஸ். பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலியோர் வெளியிலிருந்து விலைக்கு வாங்கப்பட்ட நட்சத்திரங்கள் அல்லர். ஒலிபரப்பே அவர்களைப் புகழ்பெறச் செய்தது. முகம் அறியாத தமிழகத்து நேயர் அக்குரலை நம்பினார். அந்நம்பிக்கையே விளம்பரதாரருக்கு விற்கப்பட்டது. இதிலுள்ள முரண்பாட்டை நம் ஆய்வாளர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. ஓர் அரச நிறுவனம் தென்னிந்தியச் சினிமாப் பாடலைக் கொண்டு வருவாய் ஈட்டியது. உள்ளூர்ப் பாடலுக்கு ஒதுங்க ஓர் ஓரமே கிடைத்தது. இருந்தும் அதே நிலையத்தினூடாகவே ஈழத்து மெல்லிசை வளர்ந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப் பாடல்களும் பரவின.

1957 இல் விவித பாரதி தோன்றி, 1967 இல் அதிலும் விளம்பரம் புகுந்தபின் கொழும்பின் தனிச்சலுகை தேய்ந்தது. பின்னர் ஒலிநாடாக் காலம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ‘றெக்கோடிங் பார்’களில் வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்த பட்டியலே நிகழ்ச்சி நிரலாயிற்று. அங்கு எந்த நட்சத்திரமும் தேவைப்படவில்லை. (உரிமைத்தொகை பற்றியும் எவரும் வினவவில்லை என்பது வேறு.)

இணையம் நட்சத்திரத்தை மீட்டுவந்தது. 2014 இல் சாவன் நிறுவனம் ரன்பீர் கபூரை இணைத்துக்கொண்டது. 2019 இல் இந்தியாவில் நுழைந்த ஸ்பொற்றிபை அனில் கபூரை விளம்பரத்தில் நிறுத்தியது. இருவரும் பாடகரல்லர், தம் துறையில் பெற்ற புகழை இரவல் தந்தோர். 2021 பெப்ரவரியில் ஸ்பொற்றிபை இலங்கைக்கும் வந்தது.

விளம்பர முகத்துக்குப் பணம் உண்டு, பாடுபவருக்கு? 2024 முதல் ஸ்பொற்றிபையில், முந்திய 12 மாதங்களில் 1,000 தடவை கேட்கப்படாத பாடற்பதிவுக்கு உரிமைத்தொகை இல்லை. அத்தொகை ஏனைய பாடல்களின் பங்கிற் சேர்கிறது. கொட்டாஞ்சேனை இளைஞர் ஒருவரின் பாடல் 900 தடவை கேட்கப்பட்டாலும் அவருக்கு எதுவுமில்லை. இலங்கை வானொலியின் குரற்றேர்வில் தேறிய மெல்லிசைப் பாடகர், சிறிதேயாயினும், பாடியதற்குச் சன்மானம் பெற்றார்; தம் பாட்டை எத்தனை பேர் கேட்டனர் என்று அவர் எண்ணிக் காட்ட வேண்டியிருக்கவில்லை.