ஏரி வேலைக்கு வயசு கேட்பதில்லை

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் குடியிருக்கிற அறுபத்தஞ்சு வயசு அம்மா ஒருவர் அரசாங்கத்திடம் போய் "எனக்கு ஏதாவது வேலை கொடுங்க" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு என்ன பதில் கிடைக்கும்? மந்தாரக்குப்பம் கெங்கைகொண்டான் பேரூராட்சியில் இருக்கிறது. ஆவணத்தில் பேரூராட்சி என்றால் நகர்ப்புறம், அதனால் நூறு நாள் வேலை கிடையாது. இந்தப் பக்கம் என்.எல்.சி.யின் டவுன்ஷிப். அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனால் கம்மாபுரம் ஒன்றியத்து ஊராட்சிகள். அங்கே அதே வயசில், அதே ஏழ்மையில் இருக்கிற இன்னொரு அம்மாவிடம் வேலை அட்டை இருக்கும். காலையில் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு ஏரிக்குப் போயிருப்பார்.

வயசான ஏழைகளுக்கு வேலை தேடித் தர அரசு பணம் செலவழிப்பது பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த எல்லைக்கோடு கண்ணில் பட்டது. அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு திட்டம் 1965 முதல் இருக்கிறது. 'கிரீன் தம்ப்' என்ற பெயரில், ஏழை வயோதிக விவசாயிகளைக் கூலிக்கு வைத்து நெடுஞ்சாலை ஓரங்களில் மரம், செடி நடவைத்து ஆரம்பித்தார்கள். பிறகு அது முதியோர் சட்டத்துக்குள் வந்தது. 55 வயசுக்கு மேல், வறுமைக்கோட்டு வருமானத்தில் 125 சதவீதத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு வாரம் சுமார் 20 மணி நேரம் நூலகம், பள்ளிக்கூடம் மாதிரி இடங்களில் வேலை, குறைந்தபட்சக் கூலி. ஜப்பானில் 1975-இல் டோக்கியோவில் தொடங்கிய 'வெள்ளிமுடி' வேலை மையங்கள் உண்டு. தென்கொரியா 2004-இல் தொடங்கியது.

நம்மூரில்? பெயர் வைத்து அப்படி ஒரு திட்டம் ஏழைகளுக்கு வந்ததே இல்லை. ஆனால் பெயர் வைக்காமல் ஒன்று நடந்துவிட்டது, அதுவும் உலகத்திலேயே பெரிய அளவில். அது எப்படி நடந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1876-78 பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிகள் சொல்வார்களே, அதுதான். சென்னை மாகாணத்தில் பசித்து வந்தவர்களை வெள்ளைக்கார அரசு இரண்டாகப் பிரித்தது. உடம்பில் தெம்பு இருக்கிறவனுக்கு நிவாரண வேலை: ரோடு போடு, ஏரி வெட்டு, கால்வாய் தோண்டு. சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். கிழவர், கிழவி, குருடர், நொண்டி என்று அன்றைய காகிதங்கள் பட்டியல் போடுகிறவர்களுக்கு வேலை இல்லாமல் தர்மக் கஞ்சி. ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வந்து வேலை செய்கிறவனின் கூலியையும் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் என்று குறைத்தார். மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்றுவிட்டு மண்வெட்டி பிடிக்க முடியாது என்று சண்டை போட்டார். அந்தச் சண்டை தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இங்கே எனக்கு வேண்டியது அந்த இரண்டு வரிசைதான். பஞ்சம் முடிந்து 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கை வந்தது, அதன்பின் பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. வேலை வரிசை ஒன்று, கஞ்சி வரிசை ஒன்று என்ற பிரிவு அவற்றில் சட்டமாகவே உட்கார்ந்துவிட்டது. வயசானவர் என்றால் கஞ்சி வரிசை. அவர் வேலை கேட்கலாம் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சாசனத்தின் 41-ஆவது பிரிவு வேலை பெறும் உரிமையையும் முதுமையில் அரசு உதவியையும் ஒரே வாக்கியத்தில் சொல்கிறது. அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்ற நிபந்தனையோடுதான். ஒரே வாக்கியத்தில் இருந்தாலும், நடைமுறையில் இரண்டும் வேறு வேறு ஆபீசுக்குப் போய்விட்டன. வேலை என்றால் வேலைவாய்ப்பு அலுவலகம், அது இளைஞர்களுக்கு. தமிழக அரசு கொடுக்கிற வேலையில்லாதோர் உதவித்தொகைக்குப் பொதுப் பிரிவில் 40 வயசு, தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 45 வயசு வரம்பு. முதுமை என்றால் தாலுகா ஆபீஸ்.

தாலுகா ஆபீசில் என்ன கிடைத்தது? 1962 ஏப்ரல் 1 முதல் சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை, மாசம் 20 ரூபாய். காமராஜர் முதலமைச்சர். நாட்டிலேயே முன்னோடியாக இதைச் செய்த சில மாநிலங்களில் நாமும் ஒன்று. உத்தரப்பிரதேசம் 1957-லேயே தொடங்கியிருந்தது. மக்கள் வாயில் இது 'ஓ.ஏ.பி. பணம்'. ரொம்ப காலம் போஸ்ட்மேன் மணியார்டராகக் கொண்டுவந்து கொடுத்தார், இப்போது கைரேகை மெஷினோடு ஒரு ஆள் வருகிறார். 1995-இல் மத்திய அரசும் சேர்ந்தது. 2011-இல் ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் 1,000 ரூபாய் ஆனது. 2023-இல் 1,200. இதில் 60 முதல் 79 வயசு வரைக்கும் மத்திய அரசு கொடுக்கிற பங்கு மாசம் 200 ரூபாய். 2007-இல் இருந்த அதே 200.

இந்தப் பணம் கிடைக்க 'ஆதரவற்றவர்' என்று நிரூபிக்க வேண்டும். வி.ஏ.ஓ. எழுத வேண்டும், ஆர்.ஐ. பார்க்க வேண்டும். பையன் இருக்கிறானா, சோறு போடுகிறானா, வீடு எப்படிப்பட்டது. "என்னால முடியல, எனக்கு யாரும் இல்ல" என்று சொன்னால்தான் மனு நகரும். பையன் திருப்பூரில் இருந்துகொண்டு திரும்பியே பார்க்காவிட்டாலும், 'பையன் இருக்கிறான்' என்பது காகிதத்தில் ஒரு சொத்து மாதிரி.

இந்த நிலையில்தான் 2005-இல் ஊரக வேலை உறுதிச் சட்டம் வந்தது. 2006 பிப்ரவரி 2-ஆம் தேதி நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது தமிழ்நாட்டில் ஆறு மாவட்டங்கள்: கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. அதாவது நெய்வேலியைச் சுற்றிய கிராமங்கள் முதல் நாளிலிருந்தே உள்ளே. சட்டத்தை எழுதியவர்கள் 18 வயசு முடிந்தவர் என்று கீழ்வரம்பு போட்டார்கள். மேல்வரம்பு போடவில்லை. குடும்பத்துக்கு வருஷம் 100 நாள். கேட்டு 15 நாளில் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. அஞ்சு கிலோமீட்டருக்குள் வேலை, தாண்டினால் 10 சதவீதம் கூடுதல். கான்ட்ராக்டர் கூடாது.

இதில் ஒவ்வொன்றும் வயசானவருக்குத் தோதாக விழுந்தது. சட்டம் போட்டவர்கள் அவரை மனசில் வைத்து எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. திடமான ஆளுக்குத் தமிழ்நாட்டில் கட்டட வேலையில் இதைவிட இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூலி. அவர் ஏன் ஏரிக்கு வரப்போகிறார்? பஸ் ஏறிப் போக முடியாதவர், மேஸ்திரி சேர்த்துக்கொள்ளாதவர், நடவுக்குக் கூப்பிட்டால் "பாட்டி, நீ வேண்டாம்" என்று வரிசையிலிருந்து விலக்கப்படுகிறவர், இவர்கள்தான் வந்தார்கள். வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். சாலையோரம் ஏரி வேலை நடக்கிற இடத்தை ஒருமுறை பஸ்ஸில் கடந்தவருக்கும் நரைத்த தலைகள் தெரிந்திருக்கும். அரசின் இணையதளத்தில் வயது வாரியாக வேலை செய்தவர்கள் பட்டியல் உண்டு. அதில் அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தனிக் கட்டம், எண்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு கட்டம். எண்பதுக்கு மேல் ஒரு கட்டம் தேவைப்படுகிற வேலைத் திட்டம் வேறு எந்த நாட்டில் இருக்கிறது?

"மரத்தடியில உட்கார்ந்துட்டு சம்பளம் வாங்குறாங்க" என்ற புகார் ரொம்பப் பழசு. டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரைக்கும் ஓடுகிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் உட்கார்ந்திருப்பவரின் வயசை யாரும் கேட்பதில்லை. கடலூர் மாவட்டத்து மே மாச வெயிலில் எழுபது வயசுக்காரர் இரண்டு மணி நேரம் மண் சுமந்தால் அரை மணி நேரம் உட்காரத்தான் வேண்டும். மேலும், உட்கார்ந்தால் கூலியும் குறையும். வேலை அளந்துதான் கூலி. பலர் சேர்ந்து வெட்டிய குழியை அளந்து பங்கு போடும்போது அறிவிக்கப்பட்ட கூலியைவிடக் குறைவாகவே பல இடங்களில் கைக்கு வரும். 2006-இல் 80 ரூபாய், 2024-25-இல் 319, 2025-26-இல் 336 என்பதெல்லாம் அறிவிப்பு.

குழுவுக்குள் ஒரு ஏற்பாடு தானாக உருவாகும். கொஞ்சம் தெம்புள்ளவர் மண்வெட்டி பிடிப்பார், அடுத்தவர் தட்டில் அள்ளுவார், வயசானவர் தட்டு மாற்றிவிடுவார், தண்ணீர் கொடுப்பார், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வார். வழிகாட்டி நெறிமுறையே 65 வயசுக்கு மேற்பட்டவர்களைத் தனிக் கவனம் தேவைப்படும் பிரிவில் வைத்து, இலகுவான வேலை கொடுக்கச் சொல்கிறது. மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது அதில் ஒன்று. அமெரிக்காவின் 'கிரீன் தம்ப்' கிழவர்கள் 1965-இல் செய்ததும் ஏறக்குறைய இதைத்தான்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓ.ஏ.பி.க்கு "என்னால முடியாது" என்று சொல்லிய அதே வாய், ஏரி வேலைக்கு "என்னால முடியும்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. 1877-இன் இரண்டு வரிசையிலும் ஒரே ஆள் நிற்கிறார். இதைப் பொய் என்று பார்க்கிற அதிகாரிகள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. மாசம் 1,200 ரூபாயில் மாத்திரையும் பாலும் வாங்கிவிட்டால் மிச்சம் என்ன? முடியாத உடம்போடு முடிந்த அளவு வேலை செய்வது என்பதுதான் நம்மூர் முதுமை. காகிதத்தில் அதற்குத்தான் கட்டம் இல்லை.

வாசல் மெல்ல மெல்லக் குறுகியதும் வயசானவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது. 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத்தளத்திலும் ஒரு நாளைக்கு இரண்டு முறை செல்போன் செயலியில் போட்டோ. காலையில் வேலை முடித்துவிட்டு மதியம் வீட்டுக்குப் போக நினைக்கிற பாட்டி, இரண்டாவது போட்டோவுக்காகக் காத்திருக்க வேண்டும். 2024 ஜனவரி முதல் ஆதார் வழியாகத்தான் கூலி. கணக்கிலிருந்து அதை எடுக்கக் கைரேகை வைக்கச் சொல்கிற இடத்தில் மண்ணும் சாணமும் அள்ளித் தேய்ந்த விரல் சிக்கல்தான். முந்திரி உடைக்கிற பெண்களுக்குக் கேட்கவே வேண்டாம். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் வீட்டுத் திண்ணையில் கொட்டை உடைத்து ஓட்டின் பால் பட்ட கையில் தோல் உரியும், ரேகை எங்கே இருக்கும்?

சரி, பேரூராட்சிக்காரர்கள் கதை? 2020-இல் ரங்கராஜன் குழு நகரத்திலும் வேலைத் திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழக அரசு 2021-22-இல் 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை முன்னோட்டமாக ஆரம்பித்தது. சில பேரூராட்சிகள், சில நகராட்சிகள், சென்னையில் சில மண்டலங்கள். மாநிலம் முழுக்கச் சட்ட உரிமையாக அது வரவில்லை. ராஜஸ்தான் 2022-இல் தொடங்கிய நகர்ப்புறத் திட்டத்தில் 18 முதல் 60 வயசு என்று மேல்வரம்பே போட்டுவிட்டார்கள். 2005-இல் எழுதாமல் விட்டதை இங்கே ஞாபகமாக எழுதினார்கள்.

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2021 அக்டோபர் 1, முதியோர் தினத்தன்று, 'சேக்ரட்' என்று ஒரு இணையதளம் திறந்தது. வேலை தேடும் அறுபது வயசுக்காரர் தன் படிப்பு, அனுபவம் எல்லாம் பதிவு செய்தால் கம்பெனிகள் பார்த்துக் கூப்பிடும். டவுன்ஷிப்பில் ஓய்வு பெற்ற இன்ஜினியருக்கு இது உதவலாம். ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்து, பி.எஃப். பென்ஷன் என்று மாசம் 1,000 ரூபாய் வாங்குகிறவருக்கு 'அனுபவம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? அவருக்குக் கிடைப்பது ஏ.டி.எம். வாசலில் ராத்திரி வாட்ச்மேன் வேலை. அதை அவரே தேடிக்கொள்கிறார்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் நிறைவேற்றியது. நாள் 125 ஆகிறது, நல்லது. செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் வருகிறது. விதைப்பும் அறுவடையும் மும்முரமாக இருக்கும் காலத்தில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம் என்றும் இருக்கிறது. வயலுக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது காரணம். வயலில் வேண்டாம் என்று சொல்லப்பட்டதால்தான் ஏரிக்கு வந்தவர்கள் அந்த 60 நாளும் எங்கே போவார்கள் என்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை. சட்டத்தின் பெயரிலேயே 'கிராமின்' இருக்கிறது. கெங்கைகொண்டான் பேரூராட்சி இந்த முறையும் வெளியேதான்.