குதிரைக்குக் குடற்புழு மருந்து: கொடுப்பதற்கு முன் ஏன் எண்ணிப் பார்க்க வேண்டும்?

கேதார்நாத் பாதையில் யாத்ரீகர்களைச் சுமக்கும் கோவேறு கழுதை, உத்தரப் பிரதேசத்துச் செங்கல் சூளையில் வண்டி இழுக்கும் மட்டக்குதிரை, கல்யாண ஊர்வலத்து வெள்ளைக் குதிரை, ஊட்டியில் சவாரிக்கு நிற்கும் குதிரை. கிட்டத்தட்ட இவை எல்லாவற்றின் குடலிலும் ஏதோ ஒரு வகைப் புழு இருக்கும். மேயும் விலங்குக்கு அது சகஜம்தான். எவ்வளவு புழு இருக்கிறது, நாம் கொடுக்கும் மருந்து இன்னும் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்து சுமார் 3.4 லட்சம். கழுதைகள் 1.2 லட்சம், கோவேறு கழுதைகள் 84 ஆயிரம். 2012-ல் குதிரைகள் மட்டுமே 6.2 லட்சத்துக்கு மேல் இருந்தன. எண்ணிக்கை குறைந்தாலும், இவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் இன்னும் ஏராளம். விலங்கு படுத்துவிட்டால் அன்றைய கூலியும் போச்சு.

வயிற்றுக்குள் யார் யார்?

சிறிய ஸ்ட்ராங்கைல்: வளர்ந்த குதிரைகளில் மிகப் பரவலாக இருப்பது இதுதான். 50 இனங்கள் வரை உண்டு. இதன் இளம்புழுக்கள் பெருங்குடல் சுவருக்குள் கூடு கட்டி மாதக்கணக்கில் தூங்கும். ஒரே நேரத்தில் மொத்தமாக வெளியே வந்தால் கடுமையான வயிற்றுப்போக்கு வரும். உயிரே போகலாம்.

பெரிய ஸ்ட்ராங்கைல்: இளம்புழு குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் பயணிக்கும். அங்கே ரத்தம் உறைந்து அடைத்தால், குடலின் ஒரு பகுதி செத்துப்போகும்.

பாராஸ்காரிஸ்: குட்டிகளைத் தாக்கும் பெரிய உருண்டைப் புழு. அதிகமானால் சிறுகுடலையே அடைத்துவிடும்.

இவை தவிர நாடாப்புழு, வால் அடியில் அரிப்பு தரும் ஊசிப்புழு, இரைப்பையில் ஒட்டிக்கொள்ளும் பாட் ஈயின் புழு ஆகியவையும் உண்டு. முன்னங்கால் முடியில் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிந்தால், அவை பாட் ஈயின் முட்டைகளாக இருக்கலாம்.

பார்த்தே கண்டுபிடித்துவிடலாமா?

எடை குறைதல், மங்கிய ரோமம், குட்டிக்குப் பானை வயிறு, சோர்வு, அடிக்கடி வயிற்று வலி, வாலைத் தேய்த்தல் ஆகியவை வழக்கமான அறிகுறிகள். ஆனா இதே அறிகுறிகள் தீவனப் பற்றாக்குறை, பல் கோளாறு, அதிக வேலை எல்லாவற்றிலும் வரும். தவிர, பளபளவென்று இருக்கும் குதிரையும் நிறைய முட்டை வெளியேற்றலாம். அதனால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. டேட்டா வேண்டும்.

அந்த டேட்டா எங்கே கிடைக்கும்?

சாணத்தில். ஒரு கிராம் சாணத்தில் எத்தனை புழு முட்டைகள் என்று மைக்ரோஸ்கோப்பில் எண்ணுவதுதான் பரிசோதனை. சாணத்தை உப்புக் கரைசலில் கலக்கினால் முட்டைகள் மிதக்கும். மெக்மாஸ்டர் எனும் கட்டம் போட்ட ஸ்லைடில் வைத்து எண்ணுவார்கள்.

மாதிரி புதிதாக இருக்க வேண்டும். சுத்தமான பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, விலங்கின் பெயர், தேதி எழுதி, அன்றே ஆய்வகத்தில் சேர்ப்பது நல்லது. தாமதமானால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீஸரில் கூடாது. வெயிலில் விட்டால் முட்டை பொரிந்துவிடும், கணக்கு தப்பாகும்.

வளர்ந்த குதிரைக்கு ஸ்ட்ராங்கைல் முட்டைக் கணக்கைப் பொதுவாக இப்படிப் பிரிக்கிறார்கள்: கிராமுக்கு 200-க்குள் இருந்தால் குறைவு, 200 முதல் 500 வரை நடுத்தரம், 500-க்கு மேல் அதிகம். ஒரு லாயத்தில் சுமார் 15 முதல் 30 சதவீதக் குதிரைகளே மொத்த முட்டைகளில் 80 சதவீதத்தை வெளியேற்றுகின்றன. அந்தச் சிலரைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

இதற்கும் வரம்பு உண்டு. குடல் சுவரில் தூங்கும் இளம்புழு முட்டையிடாது. நாடாப்புழு முட்டை பல நேரம் சிக்காது. எனவே 'பூஜ்யம்' என்று ரிசல்ட் வந்தால் புழுவே இல்லை என்று அர்த்தமில்லை. முட்டைக் கணக்கோடு வயது, உடல்நிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

எல்லாருக்கும் அடிக்கடி கொடுத்துவிட்டால் என்ன?

அந்த யோசனைக்கு வயது 60 ஆகப்போகிறது. 1966-ல் அமெரிக்காவின் கென்டக்கி ஆய்வாளர்கள், எட்டு வாரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுக்கச் சொன்னார்கள். அப்போதைய எதிரி பெரிய ஸ்ட்ராங்கைல். திட்டம் பலித்தது, அந்தப் புழு பல இடங்களில் அரிதானது. ஆனா அதே வழக்கம் சிறிய ஸ்ட்ராங்கைலுக்கு மருந்தைத் தாங்கப் பழக்கிக் கொடுத்துவிட்டது.

இது எப்படி நடக்கிறது? மருந்தில் சாகாத ஒருசில புழுக்கள் மட்டும் மிஞ்சி முட்டையிடுகின்றன. அடுத்த தலைமுறையில் தாங்கும் புழுக்கள் கூடுகின்றன. மருந்து படாத சாதாரணப் புழுக்கள் கொஞ்சம் இருந்தால் அவற்றோடு கலந்து இந்த வேகம் குறையும். எல்லாக் குதிரைக்கும் ஒரே நாளில் கொடுத்தால் அந்தக் கலப்புக்கு வழியே இல்லை. ஆன்டிபயாடிக் கதைதான் இதுவும்.

இன்று ஃபென்பென்டசோலைத் தாங்கும் சிறிய ஸ்ட்ராங்கைல் இந்தியா உள்படப் பல நாடுகளில் பதிவாகியுள்ளது. ஐவர்மெக்டினுக்கு அசையாத பாராஸ்காரிஸும் உலகின் பல பகுதிகளில் இருக்கிறது. 1980களில் வந்த ஐவர்மெக்டின் குடும்பத்துக்குப் பிறகு குதிரைக்குப் புதிய மருந்துக் குடும்பம் எதுவும் சந்தைக்கு வரவில்லை. இருப்பதை வீணாக்கினால் மாற்று இல்லை.

மருந்து வேலை செய்ததா என்று பார்க்க, கொடுக்கும் அன்றும் 14 நாள் கழித்தும் முட்டையை எண்ண வேண்டும். முன்பு 800, பிறகு 200 என்றால் குறைந்தது 75 சதவீதம்தான். ஃபென்பென்டசோல் 90 சதவீதத்துக்கும் கீழே குறைத்தால் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதாகச் சந்தேகிக்க வேண்டும். 'மருந்து கொடுத்தாச்சு' என்று நிம்மதியாக இருக்க முடியாது.

பாதுகாப்பாகக் கொடுப்பது எப்படி?

* எடையைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். நெஞ்சுச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் (அளவு செ.மீ.) தோராய எடை கிலோவில் வரும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் சுமார் 246 கிலோ. ஐவர்மெக்டின் கிலோவுக்கு 0.2 மி.கி. என்பதால் 49 மி.கி. தேவை. '180 கிலோ இருக்கும்' என்று கொடுத்தால் கால் பங்குக்கு மேல் குறையும். குறைந்த டோஸ் புழுவுக்குப் பயிற்சி கொடுத்த மாதிரி.

* மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போட வேண்டாம். ஊசி போட்ட இடத்தில் ஆபத்தான தொற்று வரலாம். குதிரைக்கென உள்ள வாய்வழி மருந்தே சரி.

* மாக்சிடெக்டின் டோஸ் கூடினால் ஆபத்து. சின்னக் குட்டிக்கும் எலும்பும் தோலுமான குதிரைக்கும் மருத்துவர் சொல்லாமல் கூடவே கூடாது.

* குட்டியின் வயிற்றில் பாராஸ்காரிஸ் நிறைய இருந்தால், வேகமாகச் செயலிழக்கச் செய்யும் மருந்து எல்லாப் புழுக்களையும் ஒரே நேரத்தில் விழவைத்துக் குடலை அடைக்கலாம். எந்த மருந்து என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

* கீழே சிந்திய பேஸ்ட்டை நாய் நக்காமல் பார்க்கவும். மரபணு மாற்றம் உள்ள கோலி போன்ற நாய்களுக்கு ஐவர்மெக்டின் நஞ்சாகலாம்.

* மனிதர்கள் இதைத் தொடவே கூடாது. கோவிட் காலத்தில் குதிரை மருந்தைச் சாப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பார்த்து, 2021-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்க வேண்டியிருந்தது.

மருந்தில்லாமல் என்ன செய்யலாம்?

மேயும் இடத்தில் வாரம் இருமுறை சாணத்தை அள்ளுவது பெரிய உதவி. முட்டையிலிருந்து வரும் இளம்புழு ஈரத்தில்தான் புல்லேறும் என்பதால், மழைக்காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கடும் வெயிலும் வறட்சியும் இளம்புழுவைக் கொல்லும். சாணத்தைக் குவித்து மட்கவைத்தால் அந்தச் சூட்டிலும் முட்டைகள் சாகும். பச்சைச் சாணத்தை மேய்ச்சல் நிலத்தில் பரப்பக் கூடாது.

எங்கே போவது?

முதலில் அரசுக் கால்நடை மருத்துவமனை. கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் ஒட்டுண்ணியியல் துறைகளிலும் கேட்கலாம். குதிரை இன ஆய்வுக்கென்றே ஹரியானாவின் ஹிசாரில் தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. குதிரை தரையில் உருண்டாலோ, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, தீனியைத் தொடாவிட்டாலோ பரிசோதனை ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அது வயிற்று வலியின் அவசர நிலை. உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.