பதினைந்து கம்பிகளின் வழக்கு

கணினியின் செயலகம் ஒரு கணக்கில் ஆழ்ந்திருக்கும் வேளையில், விசைப்பலகையோ வட்டோ அதன் கவனத்தைத் தன்பால் திருப்பும் முறையே குறுக்கீடு எனப்படும். 1981ஆம் ஆண்டு ஐ.பி.எம். வெளியிட்ட தனிநபர் கணினியில் இவ்வழைப்புகளைச் செயலகத்திடம் சேர்ப்பித்தது இன்டெல் 8259ஏ என்னும் சில்லு. அதற்கு எட்டே கம்பிகள். 1984இல் வந்த ஏ.டி. கணினியில் மற்றொரு சில்லைச் சேர்த்து, அதை முதற்சில்லின் கம்பி ஒன்றிலே பிணைத்தனர். பயன்பாட்டுக்கு எஞ்சியவை பதினைந்து. கடிகாரமும் விசைப்பலகையும் வட்டுகளும் தமக்குரியவற்றை எடுத்துக்கொண்டபின், புதிதாக வாங்கிச் செருகும் அட்டைகளுக்கு மிஞ்சியவை சிலவே.

பற்றாக்குறையினும் பெரிய இடர், அன்றைய ஐ.எஸ்.ஏ. அட்டைகள் ஒரே கம்பியைச் செவ்வனே பங்கிட்டுக்கொள்ள இயலாமை. மின்னழுத்தம் எழும் கணத்தை மட்டுமே சில்லு கண்டுகொள்ளும். ஒன்றன் அழைப்பு நீடிக்கையில் மற்றொன்று அழைத்தால் அது செவியேறாது. கம்பியின் எண்ணைத் தெரிவு செய்ய, ஜம்பர் என்னும் சிறு துண்டை அட்டையில் இடம்மாற்றிச் செருகவேண்டியிருந்தது.

1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், இவ்வகைக் கணினிகளிலேதான் வளர்ந்தது. முதல் தொடர்வாயிலுக்கும் மூன்றாவதற்கும் நான்காம் கம்பியே மரபு. முதலாவதில் சுட்டியும் மூன்றாவதில் மோடமும் இருந்தால், சுட்டி உறையும். அல்லது மோடம் ஊமையாகும். குற்றமோ இரண்டிலும் இல்லை. தொலைபேசி இணைப்பைக் குறைகூறியே நாள்களைக் கழித்துவிடலாம்.

லினக்ஸ் செய்த நன்மை, கணக்கேட்டைத் திறந்து வைத்தமை. 'புராக்' கோப்பகத்திலுள்ள 'இன்டரப்ட்ஸ்' என்னும் கோப்பு, எந்தக் கம்பி எந்த இயக்கி நிரலுக்குரியது, அதில் எத்தனை அழைப்புகள் வந்தன என்று காட்டும். கருவியை இயக்கிய பின்னும் எண் கூடாவிடின், அழைப்பு வந்துசேரவில்லை என்பது தெளிவு. அடுத்தது 'செட்சீரியல்' கட்டளை. பலரும் இடறியது இங்கேதான். அக்கட்டளை ஜம்பரை மாற்றாது. ஜம்பர் எந்த எண்ணில் இருக்கிறது என்பதை இயங்குதளத்துக்கு அறிவிக்கும், அவ்வளவே. தவறாக அறிவித்தால் இயங்குதளம் அதனையே நம்பும்.

1992இல் வெளிவந்த பி.சி.ஐ. முறை கம்பிப் பகிர்வை அனுமதித்தது. பகிர்வு வேறொரு வழக்கைக் கொணர்ந்தது: அழைத்தது யார்? 100,000 அழைப்புகளில் 99,900க்கு மேற்பட்டவற்றை எந்த இயக்கியும் ஏற்காவிடின், பிற்கால லினக்ஸ், எவரும் கவனிக்கவில்லை என்று பொருள்பட ஒரு வரி எழுதிவிட்டு அக்கம்பியையே அடைத்துவிடும். அதில் இணைந்த குற்றமற்ற கருவியும் சேர்ந்தே முடங்கும். கடுமையான தீர்ப்புதான், எனினும் ஓயாத அழைப்பில் கணினி முழுவதும் உறைந்துபோவதைக் காட்டிலும் மேல்.

1998இல் வந்த பி.சி.ஐ. 2.2 வரையறை, கம்பியே இன்றி நினைவக முகவரியில் ஒரு மதிப்பை எழுதி அழைக்கும் வழியைச் சேர்த்தது. ஆயினும் தொடர்வாயில் உள்ள மேசைக்கணினியில் முதல் வாயிலின் எண் இன்றும் பெரும்பாலும் நான்குதான்.